டி அண்ட் டி முடிந்தது. ஐந்து பேர் கொண்ட எங்கள் குழுவுக்கு அடுத்த ஆட்டமுறை எது?

இருபதுமுகம் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். கோயம்புத்தூரில் ஞாயிறுதோறும் மாலை நான்கு மணிக்கு எங்கள் வீட்டு மொட்டைமாடி அறையில் கூடும் ஐந்து பேருக்காக இதைக் கேட்கிறேன். மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு கதாபாத்திரமாகப் பேசி, பகடை உருட்டிக் கதையை நகர்த்தும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (டி அண்ட் டி) ஐந்தாம் பதிப்பில் ஆறு ஆண்டுகளாக ஒரே தொடரை ஆடிச் சென்ற மாதம்தான் முடித்தோம். முதல் லெவலில் தொடங்கிய பாத்திரங்கள் பதின்மூன்றாம் லெவலில் ஓய்வு பெற்றன. கதையையும் எதிரிகளையும் நடத்தும் ஜிஎம் இருக்கையில் ஆறு ஆண்டும் நான்தான் இருந்தேன்.

கதை நல்லபடியாகவே முடிந்தது. முடிந்த விதம்தான் என்னை இங்கே எழுத வைத்திருக்கிறது. கடைசிச் சண்டை மூன்று ஞாயிறுகளை எடுத்துக்கொண்டது. ஒரு சுற்று முடிய நாற்பது நிமிடம் ஆயிற்று. என் மைத்துனர் தம் முறை முடிந்ததும் கீழே போய், வாழைக்காய் சீவி, மாவு கரைத்து, ஐந்து பேருக்கும் பஜ்ஜி போட்டு எடுத்துக்கொண்டு மேலே வந்தார். அடுத்த முறை அவருக்கு அப்போதும் வந்திருக்கவில்லை. குற்றம் முழுவதும் விதிகளுடையது என்று சொல்ல மாட்டேன். தன் முறை வந்த பிறகுதான் மந்திரத்தின் விளக்கத்தைப் படிக்கத் தொடங்கும் ஆள் எங்கள் மேசையிலும் உண்டு. ஆனால் பத்தாம் லெவலைத் தாண்டிய பிறகு, சனிக்கிழமை இரவில் நான்கைந்து மணி நேரம் அரக்கர்களின் எண்களோடு மல்லுக்கட்டுவது இனி என்னால் ஆகாது.

எங்களில் ஒருவர் பல் மருத்துவர். விதிப்புத்தகத்தை அட்டை முதல் அட்டை வரை படிப்பவர். மைத்துனருக்குக் கட்டம் போட்ட பாயும் மினியேச்சர்களும் இல்லாவிட்டால் சண்டை நடந்ததாகவே தோன்றாது. மூன்றாமவர் அரசுப் பள்ளி ஆசிரியை. ஆறு ஆண்டில் ஒரு பக்கம்கூட விதி படித்ததில்லை, ஆனால் மேசையில் அவரைப் போலப் பேசக்கூடியவர் யாரும் இல்லை. நான்காவது ஆள் கல்லூரி மாணவர். எதைக் கொடுத்தாலும் ஆடுவார். ஒரு மாலையில் கற்றுக்கொள்ளும்படியும், வாரத்துக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் என் ஏற்பாட்டைக் கேட்காமலும், இருபது அமர்வுகளாவது தாங்கும்படியும் ஓர் ஆட்டமுறை வேண்டும். பாத்ஃபைண்டர் இரண்டாம் பதிப்பு, கால் ஆஃப் கதுலு, பிளேட்ஸ் இன் தி டார்க், டிராகன்பேன் ஆகிய நான்கும் என் மனத்தில் இருக்கின்றன. ஆடிப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

மலைக்கோட்டை எழுதியது:

நீங்கள் விவரித்த நோய்க்கு மருந்து பாத்ஃபைண்டர் இரண்டாம் பதிப்பு என்பது என் உறுதியான கருத்து. 2019-இல் பைசோ நிறுவனம் அதை வெளியிட்டபோது முதலில் செய்த நல்ல காரியம், ஒரு முறைக்கு மூன்று செயல்கள் என்ற ஒரே கணக்கைக் கொண்டுவந்ததுதான். நகர்வது ஒரு செயல், வெட்டுவது ஒரு செயல், கேடயத்தை உயர்த்துவது ஒரு செயல். மந்திரங்களில் பெரும்பாலானவற்றுக்கு இரண்டு. "இது ஆக்‌ஷனா, போனஸ் ஆக்‌ஷனா" என்று டி அண்ட் டி-யில் எழும் வழக்கு மேசையில் எழவே எழாது. இரண்டாவது வெட்டுக்குப் பகடை எண்ணில் ஐந்தும் மூன்றாவது வெட்டுக்குப் பத்தும் கழிவதால், மூன்று முறையும் வாளையே வீசிக்கொண்டிருப்பவன் முட்டாள் என்பதை விதியே சொல்லிக்கொடுத்துவிடும். உங்கள் ஆசிரியைகூடத் தம் நாவன்மையால் எதிரியை மிரட்டி, அவனுடைய எல்லா எண்களிலும் ஒன்றைக் குறைத்துவிட முடியும். இலக்கைப் பத்தோ அதற்கு மேலோ தாண்டினால் பெருவெற்றி, பத்து குறைந்தால் பெருந்தோல்வி என்ற ஏற்பாட்டில் அந்த ஒன்று சாதாரண ஒன்று அல்ல.

ஜிஎம் என்ற வகையில் உங்களுக்கு முக்கியமானது வேறொன்று. சண்டையின் கடினத்தை அளக்கும் கணக்கு இதில் உண்மையிலேயே பொருந்துகிறது. நான்கு பேருக்கு 80 எக்ஸ்பி (அனுபவப் புள்ளி) மதிப்புள்ள சண்டை நடுத்தரம் என்று புத்தகம் சொன்னால், மூன்றாம் லெவலிலும் அப்படித்தான், பதின்மூன்றாம் லெவலிலும் அப்படித்தான். பத்து நிமிடத்தில் ஒரு சண்டையைக் கட்டிவிடலாம். விதிகள் முழுவதும் ஆர்கைவ்ஸ் ஆஃப் நெதிஸ் தளத்தில் பைசோவின் அனுமதியோடு இலவசமாகவே கிடைப்பதால், ஐந்து பேரும் ஆளுக்கொரு புத்தகம் வாங்க வேண்டியதில்லை.

தாயக்கட்டை எழுதியது:

மலைக்கோட்டை சொன்னதில் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் விதி படிக்காத ஒருவர் இருக்கும் மேசைக்கு, லெவலுக்கு லெவல் ஃபீட் என்ற சிறப்புத் திறன்களைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் ஆட்டத்தைக் கொடுப்பது, சமைக்கத் தெரியாதவருக்குக் கல்யாணச் சமையல் பாத்திரங்களைப் பரிசளிப்பது போன்றது. அந்த ஆசிரியையின் பாத்திரத் தாளைப் பல் மருத்துவர்தான் நிரப்புவார் என்று இப்போதே எழுதிக்கொடுக்கிறேன்.

நான் இருபத்தைந்து ஆண்டுகளாக இந்த மேசைகளில் உட்கார்ந்து எழுந்தவன். ஆட்டமுறையைத் தேர்ந்தெடுக்கும்போது மந்திர உலகமா, விண்வெளியா, பேய்க்கதையா என்று எல்லோரும் முதலில் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். அது துணிக்கடையில் நிறத்தை முதலில் பார்ப்பதற்குச் சமம். நான் முதலில் திறந்து பார்ப்பது, பாத்திரம் எதைச் செய்தால் வளரும் என்று எழுதியிருக்கும் பக்கத்தை. 1974-இல் கைகாக்ஸும் ஆர்னெசனும் வெளியிட்ட முதல் டி அண்ட் டி-யில் அனுபவப் புள்ளிகளின் பெரும்பகுதி அள்ளிவந்த பொன்னுக்குத்தான் கிடைத்தது. அரக்கனைக் கொன்றால் கிடைத்தது அதைவிடக் குறைவு. ஆகவே அன்றைய ஆட்டக்காரர்கள் சண்டையைத் தவிர்த்து, ஏமாற்றி, இருட்டில் நழுவிப் பொன்னோடு ஓடினார்கள். 2000-இல் வந்த மூன்றாம் பதிப்பிலிருந்து எதிரிகளை வெல்வதே வளர்ச்சிக்கு முதன்மையான வழியாயிற்று; மேசைகளும் அதற்கேற்பச் சண்டைக்களம் ஆயின. ஆட்டக்காரர்களுடைய குணம் மாறவில்லை. கூலி கொடுக்கப்பட்ட வேலை மாறியது.

ஆகவே இருபதுமுகம் அவர்களே, உங்கள் நண்பர்களிடம் எந்த ஆட்டம் வேண்டும் என்று கேட்காதீர்கள். இந்த ஆறு ஆண்டில் மனத்தில் நிற்கும் ஒரே ஒரு காட்சியைச் சொல்லச் சொல்லுங்கள். பதில்களை இங்கே எழுதினால் மேற்கொண்டு பேசலாம்.

இருபதுமுகம் எழுதியது:

குழுவின் வாட்ஸ்அப்பில் கேட்டேன். ஆசிரியை ஐந்தாவது நிமிடத்திலேயே பதில் அனுப்பினார்: சுங்கச்சாவடிக் காவலனிடம் தம்மை வரி ஆய்வாளர் என்று சொல்லி, அவனுடைய கணக்குப் பேரேட்டையே வாங்கிப் பார்த்து, கூட்டலில் பிழை கண்டுபிடித்து, அவனை அழ வைத்த நாள். மாணவரும் அதையே சொன்னார். பல் மருத்துவர், பாலம் இடிந்தபோது கைவசம் இருந்த கயிற்றையும் ஒரு பீப்பாய் எண்ணெயையும் வைத்து ஆற்றைக் கடந்ததைச் சொன்னார். மைத்துனர் மட்டும் சண்டையைச் சொன்னார். ஆனால் அது கடைசி டிராகன் அல்ல, இரண்டாம் லெவலில் நான்கு ஹெச்பி (உயிர்ப்புள்ளி) மிச்சமிருக்க ஒரு கதவை இடித்துப் பிடித்துக்கொண்டு நின்ற சண்டை.

எனக்கே வியப்பாக இருந்தது. நான்கு பதில்களில் ஒன்றுகூட ஐந்தாம் லெவலுக்கு மேற்பட்ட காலத்தைச் சேர்ந்ததல்ல.

கொழும்புத்துறை எழுதியது:

ரொறன்ரோவிலிருந்து எழுதுகிறேன். சுங்கச்சாவடிக் கதையைப் படித்தவுடன் உங்களுக்கு பிளேட்ஸ் இன் தி டார்க் தான் என்று தோன்றியது. ஜான் ஹார்ப்பர் எழுதி 2017-இல் வெளிவந்த இந்த ஆட்டத்தில், டொஸ்க்வோல் என்ற சூரியன் செத்துப்போன நகரத்தில் ஒரு திருட்டுக் கும்பலாக ஆடுகிறோம். திட்டம் போடுவதற்கு நேரம் செலவழிப்பதில்லை. எப்படி உள்ளே போகிறோம் என்ற ஒரே வரியை முடிவுசெய்து ஒரு முறை பகடை உருட்டினால், ஆட்டம் நேரே இடர்ப்பாட்டின் நடுவில் கொண்டுபோய் நிறுத்தும். முன்கூட்டியே செய்திருக்க வேண்டியதை, வேண்டிய நேரத்தில் பின்னோக்கிய காட்சியாகச் சொல்லிக்கொள்ளலாம்.

எங்கள் மேசையில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். ஒரு பிரபுவின் மாளிகையில் களவெடுக்கப் போன இடத்தில் வேட்டைநாய் எதிரில் வந்துவிட்டது. எங்கள் கூட்டத்தில் அதிகம் கதைக்காத தங்கை ஒருத்தி, "இந்த நாய்க்கு ஒரு மாதமாக நான்தான் மதிலுக்கு வெளியே நின்று இறைச்சி போட்டு வருகிறேன்" என்றாள். அதற்கு விலையாக நான் இரண்டு ஸ்ட்ரெஸ் (மன அழுத்தப் புள்ளி) கேட்டேன். ஒன்பது கட்டங்களில் ஏழு ஏற்கெனவே நிரம்பியிருந்ததால், அவள் குறித்த கடைசி இரண்டும் அவளுடைய பாத்திரத்தைக் களத்திலிருந்து சரித்தன. நாய் வாலை ஆட்டிக்கொண்டு வழிவிட்டது. அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு மற்றவர்கள் பெட்டகத்துக்குப் போனார்கள். இதில் எதையும் நான் முதல் நாள் எழுதி வைத்திருக்கவில்லை. ஏற்பாடு என்று நான் செய்தது நகரத்தில் எந்தக் கும்பலுக்கு யார் மேல் கோபம் என்ற அரைப் பக்கக் குறிப்பு மட்டுமே.

ஆனால் ஒன்றை மறைக்கக் கூடாது. இது ஆட்டக்காரர்களிடம் நிறையக் கேட்கும். ஜிஎம் கதையை நடத்திச் செல்வார், நாம் பின்னால் போவோம் என்று இருப்பவர்களை வைத்துக்கொண்டு ஆடினால், மூன்றாவது அமர்விலேயே எல்லோருக்கும் களைத்துவிடும்.

அரைத்தூக்கம் எழுதியது:

திகில் மர்மங்களைத் துப்பறியும் ஆட்டமான கால் ஆஃப் கதுலுவைப் பற்றி ஒருவரும் பேசாததால் நான் எழுத வேண்டியதாகிறது. 1981-இல் கேயோசியம் நிறுவனம் வெளியிட்டது. இன்று புழக்கத்தில் இருப்பது ஏழாம் பதிப்பு. இத்தனை ஆண்டுகளில் அதன் முதுகெலும்பு மாறவில்லை என்பதே அதற்கான நற்சான்று. "நூலகத் தேடல் 60" என்று தாளில் எழுதியிருந்தால், நூறில் அறுபதுக்குள் உருட்ட வேண்டும். கடினமான காரியம் என்றால் அதில் பாதி, மிகக் கடினம் என்றால் ஐந்தில் ஒரு பங்கு. என் அம்மாவுக்கு இதைச் சொல்லிக்கொடுக்க நான்கு நிமிடம் ஆயிற்று. அதில் இரண்டு நிமிடம் அவர் கண்ணாடியைத் தேடியது.

தோற்ற முயற்சியை மறுபடி செய்து பார்க்கலாம். ஆனால் என்ன புதிதாகச் செய்கிறோம் என்று சொல்ல வேண்டும், மறுபடியும் தோற்றால் விளைவு மோசமாகும். பேசத் தெரிந்தவருக்கு இந்த விதி ஒரு விருந்து. வெற்றிகரமாகப் பயன்படுத்திய திறமைக்கு ஒரு குறி. சாகசத்தின் முடிவில் தன் எண்ணுக்கு மேல் உருட்டினால்தான் அது வளரும். தெரிந்தவன் மெதுவாக வளர்வான், தெரியாதவன் வேகமாக வளர்வான், வாழ்க்கையிலும் அப்படித்தானே. தொடக்க விதிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. பாஸ்டனில் ஒரு பழைய வீட்டை ஆராயப் போகும் "தி ஹான்ட்டிங்" என்ற சாகசமும் அதிலேயே இருக்கிறது. ஒரே மாலையில் முடித்துவிடலாம்.

மைத்துனருக்கு இது ஒத்துவராது என்பதையும் சொல்லிவிடுகிறேன். இதில் சண்டை என்பது பெரும்பாலும் தப்பி ஓடத் தவறியதன் பெயர்.

மலைக்கோட்டை எழுதியது:

கொழும்புத்துறையின் நாய்க் காட்சி அழகானதுதான். ஆனால் இருபதுமுகம் கேட்டது ஏற்பாட்டுச் சுமை குறைய வேண்டும் என்பது; பிளேட்ஸ் அந்தச் சுமையைக் குறைக்கவில்லை, சனிக்கிழமை இரவிலிருந்து ஞாயிற்றுக்கிழமை மாலைக்கு மாற்றிவைக்கிறது. கணக்கைப் பாருங்கள். இரண்டு ஆறுமுகப் பகடைகளை உருட்டி உயர்ந்ததை எடுக்கும்போது, ஆறு விழுந்து முழு வெற்றி கிடைப்பது 36-இல் 11 முறை. இரண்டும் மூன்றுக்குள் விழுந்து தோற்பது 9 முறை. மிச்சம் 16 முறை, அதாவது நூற்றுக்கு 44, வெற்றியும் உண்டு சிக்கலும் உண்டு என்ற நடுவாந்தரம். மூன்று பகடை ஆனாலும் அந்த நடுப்பங்கு 45-ஐச் சுற்றியே நிற்கிறது. ஒரு மாலையில் முப்பது முறை உருட்டினால் பதின்மூன்று, பதினான்கு சிக்கல்களை ஜிஎம் அந்த இடத்திலேயே கற்பனை செய்ய வேண்டும். எட்டாவது சிக்கலுக்குப் பிறகு எனக்கு "காவலன் ஒருவன் வருகிறான்" என்பதைத் தவிர வேறொன்றும் தோன்றுவதில்லை.

பாத்ஃபைண்டரிலோ டி அண்ட் டி-யிலோ தோற்றால் தோல்வி, வென்றால் வெற்றி. அதில் ஓர் ஓய்வு இருக்கிறது.

கொழும்புத்துறை எழுதியது:

அந்தக் களைப்பு உண்மை; மறுக்கவில்லை. நான் செய்யும் உபாயம், சிக்கலை ஒவ்வொரு முறையும் புதிதாகக் கண்டுபிடிக்காமல், ஒரு வட்டத்தை ஆறு துண்டுகளாக வரைந்து "மாளிகை விழித்துக்கொள்கிறது" என்று எழுதி மேசையில் வைப்பது. நடுவாந்தரம் விழும்போதெல்லாம் ஒன்றோ இரண்டோ துண்டை நிரப்புவேன். வட்டம் நிரம்பினால்தான் புதிதாக யோசிப்பேன். இது அந்தப் புத்தகத்திலேயே உள்ள கருவிதான். எந்த ஆட்டத்துக்கும் எடுத்துக்கொண்டு போகலாம்.

தாயக்கட்டை எழுதியது:

நண்பர்கள் எண்களைப் பேசுகிறார்கள். நான் நாக்கைப் பற்றிப் பேச விரும்புகிறேன். நம் மேசைகளில் கதை தமிழில் நடக்கிறது, விதி ஆங்கிலத்தில் நடக்கிறது. விதிக்குச் சொந்தமான பெயர்ச்சொற்கள் எத்தனை அதிகமோ, அத்தனை முறை கதையை நிறுத்திவிட்டு வேறு மொழிக்குப் போய் வர வேண்டும். "நான் டீமாரலைஸ் பண்ணி, ஸ்ட்ரைடு பண்ணி, ரெய்ஸ் எ ஷீல்டு பண்றேன்" என்று ஒருவர் சொல்லும்போது அங்கே போர்வீரன் இல்லை, வாடிக்கையாளர் சேவை மையம்தான் இருக்கிறது. "ஒளிதல்", "ஏறுதல்", "பேரம்" போன்ற சாதாரண வினைகளையே திறமைகளாக வைத்திருக்கும் ஆட்டங்கள் தமிழ் மேசையில் சத்தமில்லாமல் உட்கார்ந்துகொள்கின்றன.

இன்னொன்றும் உண்டு. தமிழில் பாத்திரமாகப் பேசத் தொடங்கிய மறுகணமே நீ, நீர், நீங்கள் என்று ஒன்றைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும். சுங்கச்சாவடிக் காவலனை அந்த ஆசிரியை முதல் வாக்கியத்தில் "நீர்" என்று அழைத்திருந்தால், தம்மை வரி ஆய்வாளர் என்று சொல்வதற்கு முன்பே பாதிக் காரியம் முடிந்திருக்கும். இதைப் பேசி முடித்த பிறகு, "சரி, பர்சுவேஷன் உருட்டுங்கள்" என்று கேட்டு ஒரு மூன்று விழுந்தால், மேசையில் விழும் அமைதியை நான் பல முறை கேட்டிருக்கிறேன்.

சுவீடன் நாட்டார் இதை எப்போதோ புரிந்துகொண்டார்கள். 1982-இல் அவர்கள் கேயோசியத்தின் அடிப்படை விதிகளைத் தம் மொழிக்குக் கொண்டுவந்து டிராகர் ஓக் தெமோனெர் என்ற ஆட்டத்தை உருவாக்கினார்கள். இருபதுமுகம் குறிப்பிட்ட டிராகன்பேன் அதன் வழித்தோன்றல். ஜெர்மானியரும் 1984-இல் தாஸ் ஷ்வார்ட்சே ஆவ்கே என்ற சொந்த ஆட்டத்தைத் தொடங்கினார்கள். நமக்கும் வழி இல்லாமல் இல்லை. கேர்ன் என்று ஒரு சின்ன ஆட்டம் இருக்கிறது. வலிமை, லாகவம், மனத்திண்மை என்று மூன்றே எண்கள், கையில் பத்துப் பொருள்களுக்கு இடம், போர்வீரன், மந்திரவாதி என்ற வகுப்புகள் இல்லை, லெவல் இல்லை, தாக்கினால் படுமா என்று உருட்டுவதுகூட இல்லை, நேரே சேதம்தான். கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியிடப்பட்டிருப்பதால், மூலத்தைக் குறிப்பிட்டு அதே உரிமத்தில் வெளியிடுவதானால் யார் வேண்டுமானாலும் தமிழாக்கலாம். நானே பாதி செய்து வைத்திருக்கிறேன். "ஜிஎம்" என்பதற்கு மட்டும் இன்னும் சொல் அமையவில்லை. "நடத்துநர்" என்று எழுதினால், படிப்பவர் "சில்லறை கொடுங்க சார்" என்று அடுத்த வரியை எதிர்பார்க்கிறார்.

அரைத்தூக்கம் எழுதியது:

கேர்ன் நான்கு அமர்வுக்கு அருமையானது. இருபது அமர்வுக்கு, தாளில் எதுவும் வளரவில்லையே என்று பல் மருத்துவர் கேட்கத் தொடங்குவார். பாத்திரம் தான் சந்தித்தவற்றால்தான் மாறும் என்பது ஜிஎம்-க்கு இனிக்கும் தத்துவம். கணக்குப் பார்க்கும் ஆட்டக்காரருக்கு அது சம்பள உயர்வு இல்லாத பாராட்டுக் கடிதம்.

இருபதுமுகம் எழுதியது:

இரண்டு வாரமாக எழுதாததற்கு மன்னிக்க வேண்டும். பேசிக்கொண்டே இருப்பதைவிட ஆடிப் பார்ப்போம் என்று முடிவு செய்து, இரண்டு ஞாயிறுகளில் இரண்டு ஆட்டங்களை ஆடினோம்.

முதல் ஞாயிறு டிராகன்பேன். இலவசமாகக் கிடைத்த தொடக்க விதிகளை வெள்ளிக்கிழமை இரவு ஒன்றரை மணி நேரத்தில் படித்தேன். இருபது முகப் பகடையில் தன் திறமை எண்ணுக்குள் உருட்ட வேண்டும். ஒன்று விழுந்தால் டிராகன், அதாவது பெருவெற்றி; இருபது விழுந்தால் பேய், அதாவது பெருந்தோல்வி. ஒவ்வொரு சுற்றிலும் ஒன்று முதல் பத்து வரை எண்ணிட்ட அட்டைகளை எடுத்து, அந்த வரிசையில் ஆடுகிறார்கள். மைத்துனர் பாயை விரித்து மினியேச்சர்களை அடுக்கிவிட்டு, "பார்க்கலாம்" என்ற முகத்தோடு உட்கார்ந்தார்.

ராட்சதச் சிலந்தி ஒன்று அவர்கள் மேல் இறங்கியது. இந்த ஆட்டத்தில் அரக்கன் தாக்கினால் படுமா என்று நான் உருட்டுவதில்லை, படும். என்ன செய்கிறது என்பதை ஆறு வரி அட்டவணையில் உருட்டி வாசித்துவிட்டால் போதும். விலகிக்கொள்ள முயலலாம், ஆனால் விலகினால் அந்தச் சுற்றில் தாக்கும் வாய்ப்பு போய்விடும். மாணவர் கேட்டார், "நான் விலகவா, வெட்டவா?" எல்லோரும் அவருடைய அட்டையைப் பார்த்தார்கள், அவர் கையில் எட்டு இருந்தது, சிலந்திக்கு இரண்டு. அவருக்கு இருந்ததோ பதினொரு ஹெச்பி. ஒருவரும் பஜ்ஜியைப் பற்றி நினைக்கவில்லை. ஐந்து சுற்றுகள், இருபத்தைந்து நிமிடம், ஒருவர் தரையில் சாகக் கிடக்கிறார், மைத்துனர் கதவை இடித்துப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். அவர் சொன்ன பழைய இரண்டாம் லெவல் சண்டை அப்படியே திரும்ப வந்தது போலிருந்தது. காரணம் எளிமையானது: இதில் லெவல் என்பதே இல்லை, ஹெச்பி ஏறக்குறைய தொடங்கிய இடத்திலேயே நிற்கிறது. ஆகவே கதவின் மதிப்பு எப்போதும் குறையாது.

தோற்ற உருட்டலை மறுபடி உருட்ட, பாத்திரம் கோபமோ அச்சமோ சோர்வோ ஏதேனும் ஒரு நிலையை ஏற்றுக்கொண்டு, அது எப்படி வந்தது என்று சொல்ல வேண்டும். ஆசிரியை ஒரு மாலையில் நான்கு நிலைகளை வாங்கிக்கொண்டார். ஒவ்வொன்றையும் அவர் விளக்கியதைக் கேட்கவே இன்னொரு முறை தோற்கலாம் என்று தோன்றியது.

இரண்டாவது ஞாயிறுதான் நான் எதிர்பார்க்காதது. எனக்கு அலுவலகத்தில் வேலை கூடிவிட்டதால், கால் ஆஃப் கதுலுவைத் தள்ளிவைக்கலாம் என்று குழுவில் எழுதினேன். ஆசிரியை, "அந்தத் தொடக்க விதியை அனுப்புங்கள், நான் நடத்துகிறேன்" என்றார். ஆறு ஆண்டில் ஒரு பக்கம் படிக்காதவர். ஞாயிற்றுக்கிழமை வந்து, "ஐம்பதுக்குள் எடுத்தால் பாஸ், கஷ்டமான பேப்பர் என்றால் இருபத்தைந்துக்குள், அவ்வளவுதானே, இதைத்தானே நான் ஜூன் முதல் ஏப்ரல் வரை செய்துகொண்டிருக்கிறேன்" என்று சொல்லிவிட்டு, பாஸ்டன் வீட்டுக்குள் எங்களை அனுப்பினார். பழைய பத்திரிகைகளைத் தேடப் போன என்னிடம், நூலகராக மாறி, உறுப்பினர் அட்டை கேட்டு பத்து நிமிடம் அலைக்கழித்தார். ஆறு ஆண்டுகளில் நான் ஆட்டக்காரனாக உட்கார்ந்த முதல் நாள் அது. மைத்துனருக்கு மட்டும், அரைத்தூக்கம் முன்பே எச்சரித்தது போல, கொஞ்சம் பொழுது போகவில்லை. அவருடைய துப்பாக்கிக்கு வேலையே வரவில்லை.

இங்கே என் கேள்வியை நானே பிழையாகக் கேட்டிருந்தேன் என்று தெரிந்தது. என் ஏற்பாட்டை எந்த ஆட்டமுறை குறைக்கும் என்று கேட்டேன். மேசையில் இருக்கும் இன்னொருவர் எதைப் பார்த்து, "இதை நானே நடத்துவேன்" என்று சொல்வார் என்று கேட்டிருக்க வேண்டும். டி அண்ட் டி-யை நான் பதின்மூன்றாம் லெவல் வரை தனியாகக் கட்டிக்கொண்டு போனதால், அந்த நாற்காலியில் வேறு யாரும் உட்காரத் துணியவில்லை.

மலைக்கோட்டை எழுதியது:

அப்படியானால் முடிவு என்ன? கால் ஆஃப் கதுலுவா? மைத்துனரைத் துப்பாக்கியோடு நூலகத்தில் உட்கார வைத்து இருபது வாரம் ஓட்டப்போகிறீர்களா?

இருபதுமுகம் எழுதியது:

இல்லை. டிராகன்பேன் பெட்டியை வாங்குகிறோம். செலவை ஐந்தாகப் பங்கிட்டாயிற்று. அதற்குள் ஒன்றோடொன்று தொடர்புள்ள பதினொரு சாகசங்கள் இருப்பதால், ஆசிரியையும் நானும் மாறி மாறி நடத்தலாம் என்று பேசியிருக்கிறோம். நடத்துபவரின் பாத்திரம் அந்த வாரம் ஊரில் காய்ச்சலில் கிடக்கும். பகடையில் டிராகனோ பேயோ விழுந்த திறமைக்கு ஒரு குறி, அமர்வின் முடிவில் சில கேள்விகளுக்கு ஆம் என்று சொன்னால் மேலும் குறிகள். அந்தக் கேள்விகளில் ஒன்று, இடரைச் சண்டையில்லாமல் கடந்தீர்களா என்பது. தாயக்கட்டை சொன்னபடி கூலிப் பக்கத்தைத்தான் நாங்கள் முதலில் திறந்து பார்த்தோம். கொழும்புத்துறையின் வட்டத்தையும் எடுத்துக்கொள்கிறோம். மாணவர் ஒரு நோட்டில் பன்னிரண்டு வட்டம் வரைந்து வைத்திருக்கிறார். உங்கள் பாத்ஃபைண்டர் பல் மருத்துவரின் கைப்பேசியில் ஏறிவிட்டது. இரவில் படித்துவிட்டு என்னென்னவோ அனுப்புகிறார், அதன் பலன் ஓராண்டு கழித்துத் தெரியலாம்.

திறமைப் பெயர்களைத் தமிழில் எழுதி ஒரு பாத்திரத் தாள் தயாரித்துக்கொண்டிருக்கிறேன். "ஸ்னீக்கிங்" என்பதற்கு "பதுங்கல்" என்று எழுதியிருக்கிறேன்; "ஸ்லைட் ஆஃப் ஹேண்ட்" என்பதற்கு "கைவரிசை" போதுமா என்று தாயக்கட்டை அவர்கள் சொல்ல வேண்டும். "பார்ட்டரிங்" என்பதைப் "பேரம்" என்றே வைத்துவிட்டேன்.

வருகிற ஞாயிறு ஆசிரியையின் முறை. இந்த ஆட்டத்தில் மனிதர், குள்ளர் முதலியோரோடு வாத்து இனமும் உண்டு. நான் வாத்தாகப் போகிறேன். மைத்துனர் வீட்டிலிருந்த பழைய பிளாஸ்டிக் வாத்து ஒன்றை மினியேச்சராகக் கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறார். பாயில் நான்கு கட்டங்களை அது அடைத்துக்கொள்ளும் என்பதை இப்போதே கணக்குப் பார்த்தாயிற்று.

தாயக்கட்டை எழுதியது:

"கைவரிசை" போதும். வாத்துக்குப் பேரம் எத்தனை?

இருபதுமுகம் எழுதியது:

ஐந்து. ஆசிரியை ஏற்கெனவே சிரித்துவிட்டார்.